அத்தாயி வராத வாரம்

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு தனியார் மருத்துவமனை. அதன் தீவிர சிகிச்சைப் பிரிவில் அறிவுமதி நர்ஸ். சேந்தமங்கலத்தை ஒட்டிய சொந்த ஊரில் அந்தச் சொல்லை அவன் அப்பா தங்கசாமி வாயில் எடுத்ததே இல்லை. "ஆஸ்பத்திரியில இருக்கறானுங்க" என்பார். மேலே கேட்டால் மரவள்ளிக் கிழங்கு விலைக்குப் பேச்சைத் திருப்பிவிடுவார். பேக்கரி முன்னால் டீ குடிக்கும் அவன் வயதுக்காரர்கள் அவ்வளவு சிரமப்படுவதில்லை. "நர்ஸக்கா வந்தாச்சு. எந்திரிச்சு எடங் குடுங்கடா."

தரகர் சின்னண்ணன் ஜேடர்பாளையம் வரைக்கும் போய்ப் பெண் கேட்டுப் பார்த்துவிட்டார். "காடு, கெணறு, சம்பளம் எல்லாஞ் சரிங்க. பையன் பொம்பளைங்களுக்குங்கூட பீ மூத்திரம் அள்ளுவானாமே, நெசமாங்கறாங்க. நான் எந்தப் பக்கம் பாத்துட்டுப் பதில் சொல்றது?"

வீட்டுக்கு மருமகள் வரவில்லை. அது எவ்வளவு பெரிய குறை என்று அம்மா படுத்த பிறகுதான் தெரிந்தது.

வசந்தாமணிக்கு ஒரு பக்கம் கைகால் இழுத்துக்கொண்டது. பேச்சும் நினைவும் பழையபடி இருந்தன. காட்டு வேலைக்கு வரும் அத்தாயி காலையும் மாலையும் வந்து கழுவித் துடைத்துச் சேலை மாற்றுவாள். அந்த நேரம் அறிவுமதி ஊரில் இருந்தால் வாசலில் நிற்க வேண்டும். "பொரட்டிப் படுக்க வைங்க, புண்ணு வந்துரப் போகுது" என்று அங்கிருந்தே சொல்வான். "ஆகட்டுங்க தம்பி" என்று உள்ளிருந்து குரல் வரும்.

ஆத்தூரில் கட்டிக் கொடுத்த மகளுக்குப் பிரசவம் என்று அத்தாயி கிளம்பிப் போனாள். அறிவுமதி விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தான். வெந்நீரும் துணியுமாக அவன் உள்ளே போனபோது அம்மா நல்ல கையால் போர்வையைக் கழுத்துவரை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"வெளிய போ சாமி."

"எனக்கு வேலையே இதுதானம்மா. தெனமும் எத்தன அம்மாக்களுக்குச் செய்யறேன்."

"அவியெல்லாம் மயக்கத்துல கெடக்கறாங்க. எனக்கு நெனவு இருக்குதல்ல?"

"என்னயப் பெத்தவதான நீ?"

"அதனாலதான் சொல்றேன். போ கண்ணு."

ஆஸ்பத்திரியில் சேர்க்கிறேன் என்றான். "அங்கயும் நீதான வருவ" என்றாள். சித்தி தெய்வநாயகி ஒருநாள் வந்தாள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தொடங்கி, இடுப்புப் பிடித்துக்கொண்டது என்று பாதியில் போய்விட்டாள். சேலத்தில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்பும் இடத்தில் கேட்டதற்கு, அவ்வளவு தூரம் பெண்கள் வரமாட்டார்கள் என்றார்கள். அம்மாவைத் துடைத்துவிட முடியுமா என்று அப்பாவிடம் கேட்டான். மாட்டை மாற்றிக் கட்டுவதற்காக எழுந்தார்.

"எனக்கு அந்தக் கை வராதுடா." சற்று நின்றார். "உனக்கு எப்படித்தான் வருதோ."

எப்போதும் கேட்கும் ஏளனம் அதில் இல்லை.

அம்மா தண்ணீர் குடிப்பதை நிறுத்தியிருந்ததை அவன் தாமதமாகத்தான் கவனித்தான். டம்ளரை வாயருகே கொண்டுபோனால் உதட்டை மட்டும் நனைத்துக்கொள்வாள். காபி கசக்கிறது, மோர் புளிக்கிறது என்பாள். குடித்தால் படுக்கை நனையும். நனைந்தால் மகன் உள்ளே வருவான். நாக்கு வெடித்திருந்தது. புறங்கைத் தோலைக் கிள்ளிவிட்டால் மடிப்பு அப்படியே நின்றது. மருத்துவமனையில் இதைப் பார்த்தால் நோயாளியின் வீட்டாரைக் கூப்பிட்டுச் சத்தம் போடுவான். இங்கே வீட்டார் அவன்தான்.

"தண்ணி குடிக்கலீனா செத்துப் போயிருவம்மா."

"அத்தாயி வந்துருவா."

"எப்ப?"

"வருவா."

மறுநாள் மத்தியானம் கூப்பிட்டதற்கு அம்மா பதில் சொல்லவில்லை. தோளைத் தட்டினான். கண் பாதி திறந்து, எதையும் பார்க்காமல் மூடிக்கொண்டது. ஆம்புலன்ஸுக்குச் சொன்னான். டாக்டரிடம் போனில் கேட்டு, வாங்கி வைத்திருந்த சலைனை ஏற்றி, பாட்டிலை ஜன்னல் கம்பியில் கட்டினான். வண்டி வரும்வரை செய்வதற்கு இருந்தது ஒரே வேலை.

அவளைச் சுவர்ப் பக்கமாகப் புரட்டிப் போர்வையை விலக்கினான். இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் புண். கை அதுபாட்டுக்கு வேலை செய்தது. பாதி துடைத்திருப்பான், அம்மாவின் மூச்சு மாறியது.

"அத்தாயியா?"

வாய்வரை வந்த பதிலை அவன் சொல்லவில்லை. சொன்னால் போர்வையை இழுப்பாள். துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்தான்.

"வந்துட்டியா. கொஞ்சம் தண்ணி குடு. நாக்கு ஒட்டுது."

முதுகுப் பக்கம் நின்றபடியே, வளையல் இல்லாத கை அவள் கண்ணில் படாதபடி, கரண்டியால் துளித்துளியாக ஊற்றினான். அவள் ஆவலாக விழுங்கினாள். இன்னும் கேட்டாள்.

"தம்பி வாசல்ல நிப்பான். உள்ள உட்டுறாத."

அவன் கரண்டியை மறுபடியும் தண்ணீரில் முக்கினான்.