கல்லூரி வாசலில் மல்லாட்டை

என் மகள் கல்லூரி தேடுகிறாள். என்ன பாடம் என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குகிறாள்; கேம்பஸ் படங்களை மட்டும் விரல் ஓயாமல் தள்ளிக்கொண்டே போகிறாள். நேற்று ஒரு படத்தை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். கத்தரித்த புல்வெளி, நடுவில் நீரூற்று. "எப்படிம்மா இருக்கு?" எனக்கோ பச்சை மல்லாட்டை வாசனை அடித்தது! (வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர்.) அவளிடம் சொன்னால் சிரிப்பாள். உங்களிடம் சொல்கிறேன்.

எண்பதுகளில் திண்டிவனத்தில் நான் படித்த கல்லூரிக்கு அழகு என்று ஒன்றும் கிடையாது. செம்மண் பொட்டல், ஓட்டுக் கட்டடம், சில வேப்பமரங்கள். மயிலம் பஸ்ஸில் வந்து இறங்கும் பெண்கள் நாங்கள் தலையைக் குனிந்தபடி பொட்டலைக் கடந்து பெண்கள் ஓய்வறைக்குள் புகுந்துவிடுவோம். பையன்களோடு பேச்சே இல்லை. (ஓரக்கண்ணால் பார்ப்பது பேச்சில் சேராது.)

என் வகுப்பில் கெடாரிலிருந்து ஏழுமலை என்று ஒருவன். நடவு, அறுப்பு என்று ஊரிலேயே நின்றுவிட்டதில் வருகை குறைந்து, ஹால்டிக்கெட் கிடைக்காத நிலை. பிரின்சிபால் ஒரு வழி சொன்னார். பல்கலைக்கழகத்திலிருந்து பார்வையிட வருகிறார்கள். அதற்குள் வாசல் பொட்டலைப் பச்சையாக்கினால் ஹால்டிக்கெட்டில் கையெழுத்துப் போடுகிறேன் என்று.

வாங்கி வைத்த புல் ஒரே வாரத்தில் கருகிவிட்டது. ஏழுமலை யாரையும் கேட்கவில்லை. வீட்டிலிருந்த விதை மல்லாட்டையைக் கொண்டுவந்து பாத்தி கட்டி ஊன்றிவிட்டான். சீக்கிரம் பச்சை கட்ட வேண்டுமென்றால் அவனுக்கு வேறென்ன தோன்றும்?

வந்தவர்கள் மஞ்சள் பூவும் பச்சையுமாக விரிந்து கிடந்த தரையைப் பார்த்துச் சொக்கிப்போனார்கள். "பியூட்டிஃபுல்! என்ன செடி சார்?" பிரின்சிபால் முகத்தில் ஈயாடவில்லை. "அலங்காரச் செடி," என்றார்.

ஜீப் கிளம்பியதும் ஏழுமலைக்கு ஆள் போனது. ஓய்வறை ஜன்னலில் நாங்கள் அத்தனை பேரும் ஒட்டிக்கொண்டோம். "தொலைஞ்சாண்டி, ஹால்டிக்கெட் கோவிந்தா," என்றாள் பக்கத்தில் நின்ற கோமதி.

பிரின்சிபால் பேன்ட்டைத் தூக்கிவிட்டுக்கொண்டு பாத்தியில் குந்தினார். இலையை விலக்கிப் பார்த்தார்.

"இன்னாடா இது, களையே எடுக்கல?"

"சார்..."

"பூ வுட்டாச்சி, மண்ணு அணைக்கத் தெரியாது? இப்பிடி வுட்டா எங்கேந்து காய் புடிக்கும்? கெடார்க்காரன்னு வெளிய சொல்லிக்கினு திரியாத!"

"ஹால்டிக்கெட்டு சார்?"

"மொதல்ல களைய எடு. காய் புடிக்கட்டும், பாக்கலாம்."

காய் பிடித்தது. பிடுங்கிப் போட்ட செடி வேப்பமரத்தடியில் குவிந்தபோது இன்னொரு சிக்கல். எங்கள் பக்கம் செடியிலிருந்து காய் ஆய்வது பெண்கள் வேலை. பையன்கள் ஆளுக்கொரு செடியை வைத்துக்கொண்டு முழித்தார்கள். கடைசியில் பிரின்சிபாலே ஓய்வறை வாசலுக்கு வந்து, "வாங்கம்மா, இவனுங்களுக்கு ஆகாது," என்றார். தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினோம்! ஒரே குவியல். இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள்.

"கூலி இன்னா குடுப்பே?" என்றாள் கோமதி.

"தின்னுக்கினேதான ஆயறீங்க, அதான் கூலி," என்றான் ஏழுமலை.

முதலில் யார் சிரித்தார்கள் என்று நினைவில்லை. நான்தான் என்று கோமதி இன்றைக்கும் சாதிக்கிறாள். அன்று சாயங்காலம் அவன் கையில் ஹால்டிக்கெட் இருந்தது. கையெழுத்துக்குப் பக்கத்தில் பிரின்சிபாலின் செம்மண் கட்டைவிரல் தடம்.

அந்த ஒரு நாள்தான். மறுநாள் பழையபடி தலையைக் குனிந்து ஓய்வறைக்குள் போனோம். இப்போது அங்கே சிமென்ட் கல் பதித்து வண்டி நிறுத்துகிறார்கள். பையன்களும் பெண்களும் அந்த வண்டிகள் மேலேயே சேர்ந்து உட்கார்ந்து பேசுகிறார்கள். நல்லதுதான், எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கிறது. ஆனால் எல்லோருமாகச் சுற்றி உட்கார்ந்து, நகக்கண்ணில் மண் ஏற ஏறச் செய்து முடிக்க ஒரு வேலை அங்கே இல்லை.