பாக்கியம் அக்காவின் ஐந்நூறு சீடிகள்

பாக்கியம் அக்கா இறந்த செய்தி எனக்கு மூன்றாவது அழைப்பில்தான் கிடைத்தது. முதல் இரண்டையும் நான் துண்டித்துவிட்டேன். பாடசாலையில் காலைக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது என்பது வெளியில் சொல்லிக்கொள்ளும் காரணம். கைபேசியில் அவருடைய மகள் சுமதியின் பெயரைப் பார்த்தால் என் விரல் தானாகவே போய்த் துண்டித்துவிடும். அது பல வருடப் பழக்கம். மூன்றாவது முறை எடுத்தேன். “அம்மா போயிட்டாங்க சார். ஒங்களுக்குத்தான் மொதல்ல சொல்லச் சொல்லியிருந்தாங்க” என்றார் சுமதி.

அடக்கம் முடிந்தபின், முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு நாலு பக்கம் எழுதித் தரும்படி சுமதியே கேட்டார். என்ன எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியும் என்றும் சொன்னார். நினைவு மலர்களில் எழுதுவது எனக்குக் கைவந்த வேலை. நான் எழுதினால் இறந்தவர்கள் எல்லோரும் பெருந்தன்மையோடு இருப்பார்கள், எழுதிய நானும் கொஞ்சம் பெருந்தன்மையோடு தெரிவேன். இந்த முறை அதற்கு வழியில்லை.

அக்காவைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிஷனில் முப்பத்தைந்து வருடம் கொழுந்து பறித்தவர் அவர். சொந்தமாகப் பாட்டுக் கட்டுவார். ஒன்று, “தராசு முள்ளே, தராசு முள்ளே, ஒனக்கு யாரு சம்பளம்?” என்று தொடங்கும். கொழுந்து நிறுக்கும் இடத்தில் பெண்கள் அதை முணுமுணுத்தால் நிறுக்கிறவருக்கு முகம் சிவந்துவிடும்.

அவருக்கு இடது காது கேட்காது. பாடியதற்காகக் கணவர் அறைந்ததில் போன காது என்று இரங்கல் கூட்டத்தில் ஒருவர் உருக்கமாகப் பேசினார். அது பொய். சோற்றில் கல் கிடந்ததற்காக அறைந்தார். “பாட்டுக்காக அடிக்கிற அளவுக்கு அந்த மனுசன் என் பாட்ட கவனிச்சதே இல்ல சார்” என்று அக்காவே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

ஒருமுறை கொழும்பிலிருந்து ஒரு குழு வந்து அவரைப் பாடவைத்துப் பதிவுசெய்துகொண்டு போனது. அடுத்த வருடம் அவருடைய நாலு பாட்டுகள் வேறொரு பெண்ணின் குரலில் சீடியாக வந்தன. உறையில் மலையக மக்கள் பாடல்கள் என்று மட்டும் போட்டிருந்தது. அக்கா சண்டைக்குப் போகவில்லை. என்னைத் தேடி வந்தார். “அந்தப் புள்ள என்னைய விட நல்லாத்தான் பாடியிருக்கு. ஆனா என் பாட்ட என் வாயில ஒரு தடவையாவது நாலு பேரு கேக்கணும் சார். நானே பாடி, நானே சீடி அடிக்கப் போறேன்” என்றார். அவர் கேட்டது அவ்வளவுதான்.

அப்போது நான் தோட்டப் பாடசாலையில் சங்கீத ஆசிரியர். என்னிடம் ஒரு கீபோர்டும், ஒரு மடிக்கணினியும், ஊரில் கொஞ்சம் பெயரும், அதைவிடக் கூடுதலாகத் தலைக்கனமும் இருந்தன. ஓய்வுபெற்றபோது கைக்கு வந்த பணத்தை அக்கா இதற்கென்று எடுத்து வைத்திருந்தார். மகள் கலியாணத்துக்கு வைக்காமல் பாட்டுக்குக் கொட்டுகிறாளே என்று, தோட்டத்து வரிசை வீடுகளான லயம் முழுக்கப் பேச்சு. அதை அவர் எந்தக் காதிலும் போட்டுக்கொள்ளவில்லை.

பாடசாலையின் சாமான் அறையில் நாலு சுவருக்கும் கம்பளி தொங்கவிட்டுப் பதிவு செய்தோம். தகரத்தில் மழை விழுந்தால் நிறுத்திவிட்டு, மழை விடும்வரை தேநீர் குடிப்போம். எட்டுப் பாட்டுக்கு மூன்று மாதம் போனது. உறைக்குப் படம் பிடிக்கப் பதுளையில் ஸ்டூடியோவுக்குப் போனபோது, கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு சிரிக்கச் சொன்னார்கள். அக்கா மறுத்துவிட்டார். “கூடைய எறக்கி வச்சிட்டுத்தான் பாட வந்தேன்” என்றார். நீலச் சேலையோடு கதிரையில் உட்கார்ந்து, சிரிக்காமல் எடுத்துக்கொண்ட படம்தான் உறையில் வந்தது. இந்த மலரின் முதல் பக்கத்தில் இருப்பதும் அதே படம்தான்.

கொழும்பில் சீடி அடிக்கிற இடத்தில் ஐந்நூறுக்குக் குறைவாக எடுக்க மாட்டோம் என்றார்கள். முதலில் ஒரு மாதிரிச் சீடி அனுப்புவார்கள். முழுக்கக் கேட்டு, சரி என்று கையெழுத்துப் போட்டு அனுப்பினால்தான் மீதியை அடிப்பார்கள். அதற்குப் பிறகு கண்டுபிடிக்கிற பிழை நம் தலையில்தான்.

மாதிரிச் சீடியைப் பதுளையில் வாங்கிக்கொண்டு நானும் அக்காவும் பசறைக்கு பஸ் ஏறினோம். வீடு போகும்வரை அவருக்குப் பொறுக்கவில்லை. மடிக்கணினியை மடியில் வைத்துப் போட்டேன். என்னிடம் இருந்தது ஒரே இயர்போன். அவர் ஜன்னலோரம், நான் அவருடைய வலது பக்கம். வலது பக்கத்து முனையை அவருடைய கேட்கும் காதில் வைத்துவிட்டு, இடது பக்கத்து முனையை நான் வைத்துக்கொண்டேன்.

அவர் கண் கலங்கியது. எனக்கு வெறும் இசைதான் கேட்டது. குரலே இல்லை.

என்ன நடந்தது என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. பாட்டு இடது, வலது என்று இரண்டு பக்கமாகப் பதிவாகும். குரலை நடுவில் வைத்தால்தான் இரண்டிலும் கேட்கும். நான் வைக்க மறந்திருந்தேன். அது வலது பக்கத்தில் மட்டும் நின்றுவிட்டது. வேலை செய்தபோது மடிக்கணினியின் சின்ன ஸ்பீக்கர்கள் இரண்டும் அருகருகே பாடியதால் எனக்குத் தெரியவில்லை. இயர்போன் போட்டு ஒருமுறை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பில் கேட்கவில்லை.

குரலை நடுவுக்கு நகர்த்துவது ஐந்து நிமிட வேலை. ஆனால் அதற்கு முன்னால், நான் பிழை விட்டுவிட்டேன் என்று ஒரு கொழுந்து பறிக்கிற அம்மாவிடம் சொல்ல வேண்டும். அப்படித்தான் அன்றைக்கு நினைத்தேன். அசிங்கம்தான், ஆனால் அதே சொற்களில்தான் நினைத்தேன்.

“என் கொரல் நல்லாருக்கா சார்?” என்று அக்கா கேட்டார். நான் கண்டக்டர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்றேன். பசறை பஸ் நிலையத்தில் நின்றபடியே காகிதத்தை நீட்டினேன். நான் சொன்னால் சரிதான் என்று சொல்லி, ஒவ்வோர் எழுத்தாகத் தன் பெயரை எழுதிக் கையெழுத்திட்டார்.

வீட்டு செட்டில் இரண்டு ஸ்பீக்கர் இருந்தால் எப்படியும் குரல் கேட்கும், யாருக்கும் தெரியப்போவதில்லை என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். எங்கள் லயங்களில் அப்படியான செட் எத்தனை வீட்டில் இருந்தது என்று எனக்குத் தெரியாதா? சீடி பிளேயரின் இரண்டு வயரில் வெள்ளையை மட்டும் டீவியின் ஒரே ஓட்டையில் குத்திக் கேட்கிறவர்கள்தான் எல்லோரும். வெள்ளை வயர் இடது பக்கம், சிவப்பு வலது பக்கம்.

மாரியம்மன் திருவிழாவில் வெளியீடு. மைக்செட்காரர் ராமு, வழக்கம்போல வெள்ளை வயரை மட்டும் குத்திச் சீடியைப் போட்டார். கோயில் மரத்தில் கட்டியிருந்த ஹார்னில் இசை வந்தது. கூட்டம் குரலுக்காகக் காத்திருந்தது. முதல் பாட்டில் பாதி போனபிறகு, வெறும் மியூசிக்தானா என்று யாரோ கேட்டுச் சிரித்தார்கள். அக்கா கேட்கும் காதை ஹார்ன் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

ராமு தொழில் தெரிந்தவர். “சார், செவப்பு வயர மாத்திக் குத்திப் பாக்கவா?” என்று கேட்டார். மாற்றினால் குரல் வந்துவிடும். வந்தால் பிழை சீடியில் என்று சபைக்குத் தெரிந்துவிடும். “தொடாதீங்க, ஒங்க செட்டுதான் சரியில்ல” என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி நான் சத்தம் போட்டேன். என் பேச்சை நம்பி, அடுத்த வருடத்திலிருந்து கோயில் நிர்வாகம் ராமுவைக் கூப்பிடவில்லை.

அக்கா மைக்கை வாங்கி, தன்னுடைய சீடிக்குத் தானே கூடப் பாடினார். எட்டுப் பாட்டும் பாடினார். கைதட்டல் ஓயவில்லை. இப்படித்தான் முன்கூட்டியே ஏற்பாடு செய்திருந்தோம் என்று கூட்டத்தில் பலரும் நம்பிவிட்டார்கள். நான் தப்பித்துக்கொண்டேன்.

அந்தச் சீடி நன்றாகவே போனது. குரல் இல்லாத மியூசிக் என்று கலியாண வீட்டுப் பையன்கள் தேடி வாங்கினார்கள். பண்டாரவளை வரைக்கும் போய் அவருடைய பாட்டுகளைத் தங்கள் குரலில் பாடினார்கள். அங்கேயும் மைக்செட்டுகளில் வெள்ளை வயர் மட்டும்தான். அக்காவையும் அழைப்பார்கள், முன்வரிசையில் கதிரை போடுவார்கள். “என் சீடியில ஊரே பாடுது சார், நான் மட்டும்தான் இல்ல” என்று ஒருமுறை சொன்னார். சீடிக் காலம் முடிந்ததும் மிச்சமிருந்தவற்றை மரக்கறித் தோட்டங்களில் குருவி விரட்டக் கட்டினார்கள். அவர் வீட்டுக்குப் போகிற வழியிலேயே பத்துப் பன்னிரண்டு தொங்கின. கோயில் திருவிழாவுக்குப் பிறகு அவர் மேடையில் பாடவேயில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை. என் மடிக்கணினி பழுதானபோது மூலப் பதிவும் அதோடு போனது. உண்மையைச் சொன்னால் அன்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

போன மாதம் பதுளை ஆஸ்பத்திரியில் அவரைப் பார்க்கப் போனேன். சுமதி வற்புறுத்தியதால் போனேன். மூச்சு வாங்க வாங்கப் பேசினார்.

“பஸ்ல கேட்டப்ப என் கொரல் இருந்துச்சு. ஐநூறுலயும் இல்ல. நீங்கதான் எடுத்துட்டீங்கன்னு எனக்கு அன்னைக்கே வெளங்கிருச்சு சார். பஸ்ல மொகத்தத் திருப்பிக்கிட்டீங்கல்ல. கோவமில்ல. சபையில வைக்கிற கொரல் எதுன்னு படிச்சவங்களுக்குத்தான தெரியும். நான் அசிங்கப்படக் கூடாதுன்னு செஞ்சீங்க.”

நான் அவருடைய வலது பக்கத்தில்தான் நின்றேன். சொல்லியிருந்தால் கேட்டிருக்கும். இப்போது அதெல்லாம் எதற்கு அக்கா என்று சொல்லிவிட்டுத் தோடம்பழம் உரித்துக் கொடுத்தேன். தன் குரல் கேட்கத் தகாத குரல் என்று இத்தனை வருடம் நம்பிய ஒரு பெண், அதற்காக எனக்கு நன்றி சொன்னார். நான் அந்த நன்றியையும் வாங்கிக்கொண்டு வந்தேன். மூன்று நாளில் போய்விட்டார்.

சாவு வீட்டுக்கு மரண உதவிச் சங்கம் மைக்செட் ஏற்பாடு செய்திருந்தது. வந்தவர் ராமு. தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தார். சுமதி அம்மாவின் சீடியைக் கொடுத்துப் போடச் சொன்னார். வெள்ளை வயர். தராசு முள்ளே பாட்டின் இசை வந்தது. லயத்து வாசலில் நின்ற இரண்டு இளைஞர்கள் தங்களை அறியாமல் அதோடு பாட ஆரம்பித்தார்கள். அக்காவின் சவப்பெட்டி பக்கத்திலேயே இருந்தது.

ஏன் எழுந்து போனேன் என்று எனக்கே தெரியவில்லை. வெள்ளை வயரைப் பிடுங்கிவிட்டுச் சிவப்பைக் குத்தினேன்.

அக்காவின் குரல் ஹார்னில் வந்தது. பெரிய குரல், கரடுமுரடான குரல், ஒரு சுருதி விலகாத குரல். இளைஞர்கள் நிறுத்திக்கொண்டார்கள். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்களும் நிறுத்தினார்கள். உள்ளேயிருந்து சுமதி வெளியே வந்து, பெட்டியைப் பார்த்தார், ஹார்னைப் பார்த்தார், என் கையிலிருந்த வயரைப் பார்த்தார். ராமு பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்.

“அன்னைக்கு இதத்தான சார் மாத்திக் குத்தவான்னு கேட்டேன். இப்ப யாருக்காக மாத்துறீங்க?”

பாட்டு இன்னும் முடியவில்லை. மழை வருகிறது, பெட்டியைத் தூக்க வேண்டும் என்று சங்கத் தலைவர் சொன்னதும் ராமு செட்டை நிறுத்தினார். தப்பு மேளம் அடிக்கத் தொடங்கினார்கள்.

அடக்கம் முடிந்து திரும்பியதும் சுமதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அழவில்லை, திட்டவில்லை. எழுதித் தாருங்கள், ஊர் படிக்கட்டும் என்று மட்டும் சொன்னார். அதன்பிறகு என் அழைப்பை அவர் எடுப்பதில்லை. ராமுவிடமும் போனேன். அவர் தேநீர் கொடுத்து, பழைய விஷயம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். யாரிடமாவது இந்தச் சீடி இருந்தால், இயர்போனின் வலது முனையை மட்டும் காதில் வைத்துக் கேளுங்கள்.

அக்கா, பஸ்ஸில் நீங்கள் கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். உங்கள் குரல் நன்றாக இருந்தது. அதை ஊர் கேட்கவிடாமல் செய்தது நான்தான். உங்களிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் கொடுத்துவிடுவீர்கள்.