பெரியப்பா காரின் உயர மெத்தை

பெரியப்பாவின் கார் ஓடக்கூடாது என்று ஒரு மாதம் விடாமல் சாமியிடம் வேண்டிக்கொண்டேன். சாமி காது கொடுக்கவில்லை. அதனால் அந்த வேலையை நானே செய்தேன். அப்போது எனக்குப் பத்து வயது. இன்றுவரை இதை யாரிடமும் சொன்னதில்லை. நாலு பேர் எதிரில் பேசுவதென்றாலே எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எழுதுகிறபோது யாரும் என் முகத்தைப் பார்க்கப்போவதில்லை என்ற தைரியம்தான்.

ஆம்பூருக்கு எதிரே, பாலாற்றைத் தாண்டி எங்கள் ஊர். ஒரே காம்பவுண்டுக்குள் இரண்டு வீடு. ஓட்டு வீடு பெரியப்பாவுடையது. கூரை வீடு எங்களுடையது. பெரியப்பா தோல் மண்டிகளுக்கு ஆட்டுத்தோல் பிடித்துக்கொடுக்கும் தரகர். அப்பா கிணற்று இன்ஜின் ரிப்பேர் செய்வார். ஒரு மண்டி முதலாளி பெரிய கார் வாங்கியபோது, தன்னுடைய பழைய சின்னக் காரைப் பெரியப்பாவுக்குத் தள்ளிவிட்டார். பாசிப்பச்சை நிறத்தில் பெட்ரோல் கார்.

கார் வந்த நாளிலிருந்து எனக்கு வயிறு எரிய ஆரம்பித்தது. காரைப் பார்த்து அல்ல, அதில் உட்கார்ந்து போகிறவளைப் பார்த்து. பெரியப்பா மகள் எனக்குப் பத்து மாதம்தான் மூத்தவள். அந்தப் பத்து மாதத்துக்காக அவளை அக்கா என்று கூப்பிட வேண்டியிருந்தது. என்னைவிட ஒரு சாண் உயரம். ஒரே வகுப்பில் படித்தோம், எனக்குத்தான் கணக்கு நன்றாக வரும். ஆனால் நான் தலையில் தண்ணீர்க்குடத்தோடு ஓரமாக ஒதுங்கி நிற்கும்போது, அவள் ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டு போவாள். புழுதி என் வாய்க்குள் வரும். கார் போனபிறகு கொஞ்சநேரம் அங்கேயே நின்று பெட்ரோல் வாசனையை இழுத்துக்கொள்வேன். அதையும் விட மனசில்லை.

பிறகு பெட்ரோல் விலை ஏறியது. பெரியப்பா காரை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு மறுபடி சைக்கிளில் ஏறினார். எங்கள் வீட்டுக் கோழி ஒன்று காரின் பின்சீட்டைக் கிழித்துக்கொண்டு உள்ளே முட்டை வைத்தது. தினமும் நான்தான் போய் எடுத்துவருவேன். அந்த மூன்று மாதம் போல் நான் சந்தோஷமாக இருந்ததே இல்லை.

அந்த வருஷம் நாங்கள் இரண்டு பேரும் ஐந்தாவது முடித்தோம். எங்கள் ஊர்ப் பள்ளி அதோடு சரி. ஆறாவதுக்கு ஆற்றைத் தாண்டி டவுனுக்குப் போகவேண்டும். அக்காவை எப்படியும் படிக்கவைக்க வேண்டும் என்று பெரியப்பாவுக்கு ஆசை. “ஆனா பொம்பளப் புள்ளைய ஆத்துமணல்ல நடந்து போயி பஸ் ஏறுன்னு அனுப்பமாட்டேன், கார் இருந்தா வேற கதை” என்றார். என்னைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அம்மா மட்டும், கன்றுக்குட்டிக்குப் புல் அறுக்க ஆள் ஆயிற்று என்றாள். ஆக, ஜூன் மாதத்துக்குள் கார் ஓடினால் அக்கா பள்ளிக்கூடம் போவாள், ஓடாவிட்டால் அவளும் என்னைப்போலப் புல் அறுப்பாள். எனக்குத் தெரிந்த கணக்கு இதுதான்.

அந்த நேரத்தில் அப்பாதான் வாயைத் திறந்தார்.

“பெட்ரோல் இன்ஜினைக் கயட்டிட்டு டீசல் இன்ஜின் போட்டுட்லாம்ணா. செலவு கம்மி ஆவும்.”

“லாரிக்குப் போட்றத இந்த சோப்பு டப்பாவுக்காடா?”

“போட்டுக் காட்றேன். ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள வண்டி ரோட்ல நிக்கும்.”

எனக்கு அப்பாவின்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு பலகை வேண்டும், ஊஞ்சல் கட்டிக்கொடு என்று நான் இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்கு நேரமில்லை. அவளுக்குக் கார் செய்ய நேரமிருக்கிறது.

ரோட்டில் கவிழ்ந்து உடைந்த ஒரு வேனின் இன்ஜின் மாட்டுவண்டியில் வந்து இறங்கியது. ஒரு சின்ன எருமை படுத்திருப்பதுபோல இருந்தது. காரை எங்கள் கொட்டகைக்குள் தள்ளி, நாலு சக்கரத்துக்கும் கருங்கல் முட்டுக்கொடுத்துத் தூக்கி நிறுத்தினார்கள். பழைய கியர்பாக்ஸும் புது இன்ஜினும் ஒன்றோடொன்று சேரவில்லை. நடுவில் வைக்க ஒரு இரும்புத்தட்டு கடையவேண்டும் என்று அப்பா டவுனிலிருந்து லேத் பட்டறை பாயைக் கூட்டிவந்தார். பாய் குனிந்து பார்த்துவிட்டு நெற்றியில் கைவைத்தார்.

“இன்னாப்பா இது, எலி வயித்துல பெருச்சாளிய வெச்சுத் தெக்கிற?”

“தெச்சு முடிச்சப்புறம் ஓடுதா இல்லையா பாரு பாய்.”

“ஓடும் ஓடும். பெருச்சாளி ஓடும், எலி இங்கியே நிக்கும். பேஜார் புடிச்ச வேலைப்பா.”

பாய் சொன்னது பாதி உண்மை. புது இன்ஜின் உட்காரவேண்டிய இடம் சரியாக வரவில்லை. டீசல் இன்ஜின் குலுங்கும். இரும்புமேல் இரும்பாக வைத்தால் போல்ட்டெல்லாம் அறுந்துவிடும். அடியில் மெத்தென்று ரப்பர் கட்டைகள் வைக்கவேண்டுமாம். இந்தக் காருக்கும் அந்த இன்ஜினுக்கும் பொருந்துகிற ரப்பர் கட்டை எங்கே கிடைக்கும்? அப்பா யோசித்தார். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு எதற்கு வழி தெரியாவிட்டாலும் கை தோலிடம்தான் போகும். மண்டியிலிருந்து செருப்பு அடிக்குப் போடுகிற கனத்த எருமைத்தோலை வாங்கிவந்து, வடை வடையாக வெட்டி, வெடிக்காமல் இருக்க மாட்டுக்கொழுப்பிலும் மீன் எண்ணெயிலும் இரண்டு நாள் ஊறவைத்தார். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இன்ஜினுக்கு அடியில் கொடுத்தார். கல்போலவும் இருந்தது, அழுத்தினால் கொஞ்சம் இளகியும் கொடுத்தது. பாயே அதைக் கிள்ளிப்பார்த்துவிட்டு, கேலியை விட்டுப் பீடி பற்றவைத்தார்.

ஒரே ஒரு ஆபத்து உண்டு. எங்கள் ஊரில் யாரும் செருப்பை வாசலில் விடுவதில்லை. ஆள் உயரத்தில் ஆணி அடித்து அதில்தான் மாட்டுவோம். மண்டியில் தோலின் உட்புறத்திலிருந்து வழித்துப்போடுகிற ஜவ்வைத் தின்று வளர்ந்த நாய்களுக்குத் தோல் என்றால் சோறு மாதிரி. அதிலும் கொழுப்பில் ஊறிய தோல். அதனால் கொட்டகையின் மூங்கில் தட்டியைக் கயிறு போட்டுக் கட்டும் வேலை என்னிடம் வந்தது.

“மறக்காத கண்ணு. நாய் உள்ள பூந்துச்சுன்னா அவ்ளோதான்” என்றார் அப்பா.

முதல்முறை ஸ்டார்ட் செய்த அன்றைக்குத் தெருவே கூடிவிட்டது. இன்ஜின் இருமியது, கரும்புகை கக்கியது, பிறகு பிடித்துக்கொண்டது. கார் ஜுரம் வந்தவனைப்போல நடுங்கியது. உள்ளே இருந்த கண்ணாடி கழன்று பெரியப்பா மடியில் விழுந்தது. பெரியம்மா இறங்கி ஓடிவந்து, “ஐயோ, பல்லு செட்டு செட்டா கொட்டிடும் போலக்கீதே” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். பெரியப்பா அப்பாவின் முதுகைத் தட்டினார். அப்பாவின் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. அக்கா கைதட்டிக் குதித்தாள். நான் தட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகுதான் மெத்தை விஷயம். கோழி கிழித்த பின்சீட்டில் உட்கார முடியாது என்று, மிச்சத் தோலில் தென்னைநார் அடைத்து அப்பா இரண்டு மெத்தை தைத்தார். ஒன்று தட்டையானது, இன்னொன்று நல்ல உயரம். தட்டை முதுகுக்கு, உயரம் அடியில் போட்டு உட்கார என்று நினைத்துக்கொண்டேன். மகாராணிக்கு இரண்டு மெத்தை. ஒருநாள் சாயங்காலம் அப்பா என்னைக் கூப்பிட்டார்.

“இங்க வா. ஏறி இதும்மேல உக்காரு.”

உட்கார்ந்தேன்.

“ஜன்னல்ல ரோடு தெரியுதா?”

“தெரியுது.”

“நல்லாத் தெரியுதா, எட்டிப் பாக்கணுமா?”

“தெரியுதுப்பா.”

அவர் திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டு, இன்னும் ஒரு பிடி நார் அடைத்தார். தையல்காரன் கையில் கிடைக்கிற பிள்ளையை நிறுத்தி வேறு பிள்ளைக்கு அளவு எடுப்பான் இல்லையா, அப்படித்தான் என்னை அவளுக்கு அளவு பார்க்கிறார் என்று தோன்றியது. அதைக்கூடப் பொறுக்கலாம். அந்த மெத்தை அவ்வளவு சுகமாக இருந்ததுதான் என்னால் பொறுக்கமுடியவில்லை.

வெள்ளிக்கிழமை காரைப் பள்ளிகொண்டா கோயிலுக்கு ஓட்டிப்போய்ப் பூஜை போடுவதாக முடிவாயிற்று. வியாழக்கிழமை மத்தியானம் அப்பா லேத் பட்டறைக்குப் போயிருந்தார். அம்மா கழனியில் இருந்தாள். நான் கொட்டகைக்குப் போய்க் கயிற்றை அவிழ்த்தேன். மறதியாக விட்டேன் என்று மனசுக்குள்ளேகூடச் சொல்லிக்கொள்ள முடியாது, தட்டி திரும்ப மூடிக்கொள்ளாமல் இருக்க ஒரு கல்லையும் முட்டுக்கொடுத்தேன். பிறகு கிணற்றங்கரையில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

மூன்று நாய்கள் வந்தன. ஒன்றுக்குப் பாதிக் காது இல்லை. காரின் அடியில் படுத்துக்கொண்டு அவை கடிக்கிற சத்தம் கிணறுவரைக்கும் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எழுந்து ஓடினேன். கல்லை எடுத்து அடித்து விரட்டினேன். குனிந்து பார்த்தேன், எல்லாம் இருந்த இடத்தில் இருப்பதுபோலத்தான் தெரிந்தது. தட்டியை இறுக்கிக் கட்டினேன். ஒன்றும் ஆகவில்லை என்று நிம்மதியாகவும் இருந்தது, ஏமாற்றமாகவும் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துக் காரை எடுத்தார்கள். பெரியப்பா ஓட்ட, பக்கத்தில் பெரியம்மா. பின்னால் அப்பாவும், பூசணிக்காயை மடியில் வைத்துக்கொண்டு அக்காவும். அப்பா கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, “நீயும் ஏறு, எடம் கீது” என்றார். வயிற்றுவலி என்றேன். பொய் இல்லை, பயத்தில் நிஜமாகவே வலித்தது.

பொழுது சாயும்போது திரும்பி வந்தார்கள். முன்னால் இரண்டு மாடு, பின்னால் கயிற்றில் கார். அக்கா மடியில் உடைக்காத பூசணிக்காய். பள்ளிகொண்டாவுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும்போது இன்ஜின் ஒருபக்கமாகச் சாய்ந்து, விசிறி ரேடியேட்டரை அறுத்துவிட்டதாம். யாருக்கும் அடியில்லை. ஆனால் ரோட்டில் போகிறவன் வருகிறவனெல்லாம் நின்று சிரித்தானாம். பெரியப்பாவால் தாங்கமுடியவில்லை. காம்பவுண்டு நடுவில் நின்று கத்தினார்.

“கிணத்து மோட்டார் பாக்கறவன் கையில கார குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்!”

அப்பா காருக்கு அடியில் படுத்து நுழைந்தார். வெளியே வந்தபோது அவர் கையில் ஒரு தோல் வடை இருந்தது. பாதிதான் இருந்தது. ஓரமெல்லாம் பல் பதிந்திருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“தட்டிய கட்டினியா?”

“கட்டினேம்பா.”

அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அண்ணனிடம் திரும்பினார்.

“தோலு வெச்சது என் தப்புதாண்ணா. சூட்டுல சுருங்கிடுச்சு.”

நான் தப்பித்தேன். அப்பாவுக்குப் பல் தடத்துக்கும் சூட்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லையே என்று ஆச்சரியமாகக்கூட இருந்தது.

கார் பழைய இரும்புக்குப் போயிற்று. அண்ணனும் தம்பியும் இரண்டு வருஷம் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் அக்கா புல் அறுக்கவில்லை. குடியாத்தத்தில் அவளுடைய தாய்மாமா வீட்டில் விட்டுப் படிக்கவைத்தார்கள். லீவுக்கு நீலப் பாவாடையில் வருவாள். நான் அரிவாளோடு வேலிக்கு இந்தப்பக்கம் நின்று பார்ப்பேன். காரை நிறுத்தியும் வயிற்றெரிச்சல் நிற்கவில்லை.

போன மாதம் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். டீச்சராக இருந்து ரிட்டையர் ஆகி, முட்டிவலியோடு இருக்கிறாள். இரண்டு பேரும் கீழே உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தோம். வாசலில் என் பேரன் காரை ஸ்டார்ட் செய்தான். அவள் சிரித்தாள்.

“உங்கப்பா போட்ட டீசல் இன்ஜின் ஞாபகம் கீதாடி? அது மட்டும் ஓடியிருந்தா நாம ரெண்டு பேரும் ஒண்ணாப் படிச்சிருப்போம்.”

“நாம ரெண்டு பேருமா?”

“உனக்குத் தெரியாதா? கூலி வேணாம்ணா, உம் பொண்ணோட எம் பொண்ணையும் இட்னு போயி ஸ்கூல்ல வுட்டுடுன்னுதான சித்தப்பா கேட்டாரு. வண்டி ஓடட்டும், அப்புறம் சொல்லிக்கலாம், கொழந்த ஆசப்பட்டு ஏமாறக் கூடாதுன்னு எங்கிட்டயும் சொல்ல வேணாம்னாரு. பூஜைக்குப் போறப்பதான் கார்ல சொன்னாரு. உனக்கு ஒசர மெத்த, எனக்குத் தட்டையான்னு நான் வழியெல்லாம் அழுதேன். அவ குள்ளம்மா, அவளுக்கு ரோடு தெரியணும்லன்னாரு.”

அவள் உரித்துக்கொண்டே இருந்தாள். என் கையில் இருந்த மொச்சை நழுவி எங்கேயோ உருண்டது. தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

அந்த உயர மெத்தை அப்பாவின் கொட்டகையில்தான் வெகுகாலம் கிடந்தது. ஸ்டூலில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துதான் வேலை செய்வார். நான் சாப்பாடு கொண்டுபோனால் எழுந்து, “இதுல உக்காரு கண்ணு” என்பார். அது அவளுக்குச் செய்தது என்று எனக்குத்தான் தெரியுமே. தரையில் உட்கார்ந்துகொள்வேன். எனக்குக் கல்யாணம் ஆகி அந்த வீட்டைவிட்டுப் போகிறவரைக்கும் ஒருநாள்கூட அதில் நான் உட்காரவில்லை.