பெண் வேஷக்காரரின் மகன்

ரொறன்ரோ ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் செய்யும்போது எனக்குப் பக்கத்துக் கதிரை ஒரு ஜப்பானியருக்கு. தொண்ணூறைத் தாண்டியவர். சிரித்தால் விரல்களால் வாயை மறைப்பார்.

ஒருநாள் ஆங்கிலத்தில் கேட்டேன்: "உப்பிடிச் சிரிக்க எங்க பழகினனீங்கள்?"

"அப்பாவிட்ட. ஊமைப்படங்களில அவர் பெண் வேஷம் போட்டவர். பிறகு நடிகைகள் வந்திட்டினம், வேலை போச்சுது. அவைக்குப் பெண்ணா நடக்கப் பழக்கச் சொல்லி அதே படக் கொம்பனி கூப்பிட்டுது."

"போனவரோ?"

"ஓம். பிள்ளைகள் சாப்பிட வேணுமே."

"கோபம் வரேல்லையோ?"

"வீட்டுக்கு வந்து கால்களைச் சுடுதண்ணியில வைச்சுக்கொண்டு இருப்பாராம். அம்மா சொன்னவ."

களைப்பில் கண்ணை மூடிக்கொண்டார்.

பெண்களாகவே பிறந்தவர்களுக்கு அவருடைய அப்பா எதைத்தான் பழக்கியிருப்பார்? எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.