குறுக்கே எழுதிய இமயமலை

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதை நானே சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமே இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இமயமலையில் செடி தேடி அலைந்த வெள்ளைக்காரர்கள் தங்களுக்குள் எழுதிய கடிதங்களைக் கணினியில் தட்டச்சு செய்ய, வெளிநாட்டு ஆவணக் காப்பகம் ஒன்று ஆள் தேடியது. விண்ணப்பித்தேன். சோதனையாக ஒரு பக்கம் அனுப்பினார்கள். மாலைக்குள் பிழையில்லாமல் தட்டி அனுப்பினால் வேலை.

படத்தைத் திறந்ததும் தலை சுற்றியது. எழுத்தின் மேல் எழுத்து, கொசுவலை மாதிரி. கிடைத்த சொற்களைக் கோத்து, தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் தமிழில் வாசித்தேன்.

“நண்பரே, பாறையெங்கும் அட்டைகள் சிவப்பாகப் பூத்திருக்கின்றன. காலுறைக்குள் புகுந்த மரங்கள் என் இரத்தத்தைக் குடிக்கின்றன.”

“குடிச்சிட்டு எளுதியிருக்கான்டி.”

“பெரிய விஞ்ஞானிம்மா!”

“இருக்கட்டுமே. மலையில குளிருமில்ல?”

அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனது. மடிக்கணினியில் சார்ஜ் கொஞ்சம்தான். பர்மாவில் நாங்கள் இருக்கும் தாமுவே பேட்டையின் தெருமுனை டீக்கடையில் ஜெனரேட்டர் உண்டு. மூடினால் அணைந்துவிடும் கிழட்டுக் கணினி என்பதால், அதைத் திறந்தபடியே புத்தகம்போல் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு படியிறங்கி ஓடினேன். பாதிப் படியில் திரையைக் குனிந்து பார்த்தவள் அப்படியே நின்றேன்.

நெட்டுக்குத்தாகக் கிடந்த கோடுகள் இப்போது வரிவரியாக ஓடின! மனிதர் பக்கத்தை நிரப்பிவிட்டு, தாளைத் திருப்பி, எழுதியதன் மேலேயே குறுக்காக எழுதியிருக்கிறார். பூத்தவை மரங்கள். குடித்தவை அட்டைகள்.

“அம்மா! அவரு குடிக்கல! தாள் மிச்சம் பண்ணியிருக்காரு!”

“அப்ப நம்ம ஆளுதான்!” என்று மேலிருந்து குரல் வந்தது.

டீக்கடையில் குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து, கழுத்தை ஒருபக்கம் சாய்த்துச் சாய்த்துத் தட்டினேன். கழுத்து சுளுக்கா என்று கடைக்காரர் பர்மியத்தில் விசாரித்தார். இமயமலை என்றேன். படத்தைத் திருப்ப ஒரு பொத்தான் இருப்பது மறுநாள்தான் தெரிந்தது. கடைசி வரியில், தான் அனுப்பிய விதைகள் உயிரோடு வந்து சேர்ந்தனவா என்று நண்பரிடம் கேட்டிருந்தார்.

பக்கத்தை அனுப்பிய அதே நொடியில் மின்சாரம் வந்துவிட்டது. “மீ லாபீ!”, கரண்ட் வந்தாச்சு என்று தெருவே பர்மியத்தில் கூவியது. எனக்காகத்தான் கூவுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நானும் கூவினேன்.

வேலை கிடைத்தது. அந்தச் செய்தியைச் சொன்னதும், கடிதத்தை முழுதாக வாசிக்கச் சொல்லிக் கேட்டிருந்த அம்மா கேட்ட முதல் கேள்வி:

“அப்ப மிச்சக் கடுதாசியும் வருமா? அந்த வெதை போய்ச் சேந்துச்சான்னு பாருடி மொதல்ல.”