ராகு காலத்தில் நகர்ந்த ஹெலிகாப்டர்

ரேணிகுண்டா விமான நிலையத்தின் ஓரத்தில், ஒரே ஒரு ஹெலிகாப்டர் நிற்கும் கொட்டகைக்கு நான் தற்காலிகப் பொறுப்பாளர். அந்தத் ‘தற்காலிக’த்தைக் கேட்டாலே எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஐதராபாத்திலிருந்து நிரந்தரமாக ஓர் ஆளைக் கொண்டுவரப் போவதாக மேனேஜர் சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கு அந்தப் பொறுப்பு வேண்டும். வெட்கமில்லாமல் சொல்கிறேன், வேண்டவே வேண்டும்.

எங்கள் ஹெலிகாப்டருக்குச் சக்கரம் கிடையாது. அடியில் நீளமாக இரண்டு உலோகக் குழாய்கள்தான். தரையில் நகர்த்த, அந்தக் குழாய்களில் சக்கரம் மாட்டி டிராக்டரால் இழுக்கலாம். இல்லையென்றால் பேட்டரியில் ஓடும் மேடைவண்டி ஒன்றின் மேல் ஏற்றி உருட்டலாம். பழைய சக்கரங்கள் தேய்ந்துவிட்டதால் புதிதாக ஏதாவது வாங்கியே ஆகவேண்டும். மேனேஜருக்கு மேடைவண்டி மேல் கண்.

வெள்ளிக்கிழமை காலை, நல்ல நேரம் பார்த்து, சென்னையிலிருந்து வந்த விற்பனைக்காரர் வண்டியை ஓட்டிக் காட்டினார். ஹெலிகாப்டரைச் சுமந்துகொண்டு அது சத்தமே இல்லாமல் போயிற்று. எல்லோரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. அதன் சக்கரங்கள் உள்ளங்கை அகலம்தான், கெட்டி ரப்பர். கொட்டகைக்கு முன்னால் இருப்பதோ தார்த்தளம். சித்திரை மத்தியானத்தில் அங்கே நடந்தால் என் செருப்பே ஒட்டிக்கொள்ளும்.

மேனேஜர் புத்தூர்க்காரர். எல்லை பிரித்தபோது ஆந்திரா பக்கமே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம், நகரிக்காரியான என்னைப் போலவே. அவரிடம் நேராகப் போனேன்.

“சார், செவ்வாக்கெழமை மூணு மணிக்கு இன்னொரு தபா ஓட்டிக் காட்டச் சொல்லுங்க.”

“இன்னாம்மா பேசிக்கினு இருக்க? அது ராகு காலம். புது வண்டிய அந்த நேரத்துலயா தொடுவாங்க?”

“நம்ம ஹெலிகாப்டர் தெனமும் அந்த நேரத்துக்குத்தான் சார் திரும்பி வருது. ராகு காலம் முடியட்டும்னு மேலயே சுத்திக்கினு இருக்குமா?”

பின்னால் நின்ற உதவியாட்கள் குபீரென்று சிரித்துவிட்டார்கள். மேனேஜர் முகம் சிவந்துவிட்டது.

“சரி, ஓட்டிப் பாத்துடலாம். ஓடிச்சின்னா அடுத்த மாசமே ஐதராபாத் ஆளு வந்துடுவான். நீ கம்முனு அவன் கீழ வேலை செய்யணும்.”

“ஓடலைன்னா?”

அவர் விற்பனைக்காரரைச் செவ்வாய்க்கிழமை வரச்சொல்லக் கிளம்பிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை வெயில் மண்டையைப் பிளந்தது. ஹெலிகாப்டரின் எடைக்கு மணல் மூட்டைகளை மேடைவண்டியில் அடுக்கச் சொன்னேன். கிளம்பியது. பாதித் தளம் வந்ததும் ஒரு குலுக்கல், அப்படியே நின்றது. மோட்டார் முனகியது, சக்கரங்கள் தாருக்குள் இறங்கியது இறங்கியதுதான். விற்பனைக்காரர் டையைத் தளர்த்திக்கொண்டு குனிந்து பார்த்தார்.

“தளம் சரியில்லைங்க மேடம்.”

“எங்க தளம் இதுதாங்க. இதுல ஓடுற வண்டிதான் எங்களுக்கு வேணும்.”

பிறகு நான் வேறொரு கடையில் பரீட்சைக்கென்று வாங்கி வைத்திருந்த சக்கரங்களைக் கொண்டுவரச் சொன்னேன். காற்றடைத்த அகல டயர்கள். அப்போதுதான் தளத்தில் வந்திறங்கிய ஹெலிகாப்டரின் குழாய்களில் மாட்டி, கைப்பம்பை அழுத்த அழுத்த, அது தரையை விட்டு ஒரு சாண் எழும்பியது. இழுவைக் கம்பியை டிராக்டரில் கோத்தோம். வால் எங்கும் இடித்துவிடாமல் பக்கத்திலேயே நடந்தேன். “மெல்ல! மெல்லடா!” என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. இளகிய தாரின் மேல் டயர் அச்சு மட்டும் லேசாகப் பதிய, ஹெலிகாப்டர் நேராகப் போய்க் கொட்டகை நிழலில் நின்றது. ஓர் உதவியாள் விசிலடித்தான். நான் அவனைக் கண்டிக்கவில்லை.

தலையில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு வெயிலிலேயே நின்ற மேனேஜர், என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு போனை எடுத்து ஐதராபாத்தைக் கூப்பிட்டார். அந்த வேலைக்கு இங்கேயே ஆள் இருக்கிறது, யாரும் வரவேண்டாம் என்று அவர் தெலுங்கில் சொன்னது என் காதில் தேனாய்ப் பாய்ந்தது.

கொதிக்கிற தாரில் நின்றபடியே நான் வாய்விட்டுச் சிரித்தேன்.