வெர்னாவின் கூரைக்கு ஒரு திருத்தம்

லெனோர் ஹாஸ்கின்ஸால் ஓரிடத்தில் உட்கார முடியாது. எழுதுகிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் நடைதான். ஜன்னலுக்குப் போவாள், எதிரே தெரியும் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கேபிடல் கோபுரம் ஓடிப்போய்விட்டதா என்று பார்ப்பவள் போல ஒரு பார்வை பார்ப்பாள், திரும்பி வந்து ஆறிப்போன காபியை ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளிப்பாள். அந்த டிசம்பரில் கீழ்த்தளத்திலிருந்து ஒரு பெண் ஏறி வந்து, "மேடம், எங்க தலை மேலயே நடக்குறீங்களே, என்னதான் ஆச்சு உங்களுக்கு?" என்று கேட்டே விட்டாள்.

ஆனதைச் சொல்ல முடிந்தால்தானே!

அவளுக்குச் சட்டம் எழுதுகிற வேலை. செனட்டர்கள் பேசுவார்கள், கை குலுக்குவார்கள், படம் எடுத்துக்கொள்வார்கள். அவர்கள் மனதில் இருப்பதைச் சட்டத்தின் பாஷையில் எழுதித் தருவது லெனோர் போன்றவர்கள். அவர்கள் பெயர் எங்கும் வராது. எந்தச் செனட்டரின் ஆள் வந்து கேட்டாலும் எழுதிக் கொடுத்தாக வேண்டும். ஒருவர் கேட்டதை இன்னொருவரிடம் மூச்சு விடக்கூடாது. இந்த இரண்டையும் அவள் இருபது வருடமாகக் கட்டிக் காத்திருக்கிறாள்.

அந்த வருடம் அவள் கையில் இருந்தது ஒரு பிழைத்திருத்த மசோதா. எந்தக் காலத்திலோ ரத்தான பிரிவை இன்னும் சுட்டிக்கொண்டிருக்கும் சட்டங்கள், பெயர் மாறிப்போன துறைகள், இப்படிப்பட்ட குப்பையைக் கூட்டி அள்ளுகிற வேலை. பத்திரிகைக்காரன் ஒருவனும் எட்டிப் பார்க்க மாட்டான். ஆனால் அந்தக் குப்பைக்கு நடுவில் வெர்னா ஹாகனின் வீடு இருந்தது.

வெர்னாவின் வீடு மினசோட்டாவில் ஓர் ஏரிக்கரையில். சுற்றியுள்ள காட்டைப் பாதுகாக்கச் சட்டம் வந்தபோது, அவள் வீட்டை விட்டுவிட்டுக் கோடு போடுவதாகத்தான் கடைசியில் பேசி முடித்தார்கள். புது வரைபடமும் போட்டார்கள். ஆனால் அவசரத்தில் சட்டத்தில் பழைய வரைபடமே நின்றுவிட்டது. அவ்வளவுதான், வீடு காட்டுக்குள் போய்விட்டது. கூரை ஒழுகினாலும் ஓர் ஆணி அடிக்கக்கூடாது என்று வனத்துறை சொல்லிவிட்டது.

வசந்தத்தில் மினசோட்டா செனட்டரின் உதவியாளன் ஜோயல் அவளை லெனோரின் அறைக்கு அழைத்து வந்திருந்தான். வெர்னா காட்டுச் செர்ரி ஜாம் ஒரு ஜாடி மேசையில் வைத்துவிட்டு, "தப்பான மேப்னா மாத்திட வேண்டியதுதானே கண்ணு? இதுக்கு எத்தன பேரு வேணும்?" என்றாள்.

"நூறு செனட்டரும் சும்மா இருக்கணும்மா. இந்த மாதிரி மசோதாவ விவாதமே இல்லாம விடுவாங்க. ஆனா ஒருத்தர் மாட்டேன்னா போதும், நின்னுரும்."

"அடக் கடவுளே! நூறு பேரு சும்மா இருந்த கதை எங்கயாச்சும் உண்டா? பனி விழறதுக்குள்ள முடிச்சுக் குடு. போன வருஷமே ஒழுகுதுன்னு கட்டில நாலு தடவ நகத்திப் போட்டேன்."

எழுபத்தாறு வயதுக்காரி சிரித்துக்கொண்டே சொன்னாள்.

டிசம்பரில் ஒரு திங்கட்கிழமை வேறொரு செனட்டரின் ஆள் டக் மேலரி வந்தான். தன் முதலாளியின் ஊரில் சுரங்கத்துக்கு ஒரு சாலை வேண்டுமாம். அதற்குச் சுற்றுச்சூழல் ஆய்வே தேவையில்லை என்று ஒரு பத்தி எழுதித் தர வேண்டுமாம்.

"எந்த மசோதாவுல?"

"உங்க பிழைத்திருத்தத்துலதான். அது சத்தமில்லாம போற வண்டி, நாங்களும் ஏறிக்கறோம். எங்கள ஏத்திக்கலன்னா எங்க செனட்டர் சம்மதிக்க மாட்டார். புதன்கிழமை சொல்றதா இருக்கோம்."

"டக், இது பிழையே இல்ல. இத ஏத்துனா, சுரங்கத்துக் கழிவு வந்து சேர்ற ஆத்தங்கரை மாநிலக்காரங்க எதிர்ப்பாங்க. மொத்தமும் படுத்துரும்."

"படுத்தா படுக்கட்டும். நீங்க எழுதிக் குடுங்க மேடம், கவலைய எங்கிட்ட விடுங்க."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அரைகுறையாக எழுதிக் கொடுத்தால் என்ன? ஓட்டை வைத்து எழுத அவளுக்கா தெரியாது! எழுந்து நடந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி நடந்தாள். கடைசியில் ஒரு ஓட்டையும் இல்லாமல் எழுதிக் கொடுத்தாள். அவள் கைக்கு வேறு மாதிரி வராது.

மறுநாள் காலையில் ஜோயல் போன் செய்தான். "லெனோர், இன்னிக்கே சபையில வெச்சுரலாமா? இதுவரைக்கும் யாரும் எதுவும் சொல்லல. இல்ல, வியாழக்கிழமை எங்க செனட்டர் ஊர்லேர்ந்து வந்து அவரே வெக்கட்டுமா? அவருக்கு ஆசை. உங்களுக்கு என்ன தோணுது?"

இன்னிக்கே வை, இப்பவே ஓடு என்று தொண்டை வரை வந்தது. ஆனால் அப்படிச் சொல்வது டக் வந்ததைச் சொல்வதுதான். போன் ஒயரை விரலில் சுற்றிச் சுற்றி விரலே வெளுத்துவிட்டது.

"அது உங்க முடிவு ஜோயல்" என்றாள்.

"அப்ப வியாழக்கிழமையே வெச்சுக்குவோம்" என்றான் அவன் சந்தோஷமாக.

புதன்கிழமை டக்கின் செனட்டர் நிபந்தனையைப் போட்டார். வேறு வழியில்லாமல் சாலையைச் சேர்த்தார்கள். வியாழக்கிழமை ஆற்றங்கரை மாநிலத்துச் செனட்டர்கள் இரண்டு பேர் முடியாது என்றார்கள். மசோதா நின்றது. கிறிஸ்துமஸுக்கு எல்லோரும் மூட்டை கட்டினார்கள். ஜனவரியில் புதுச் சபை வந்து உட்காரும். பழைய மசோதாவெல்லாம் செத்த மாதிரி, முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை வெர்னா போன் செய்தாள். பின்னால் சொட்டுச் சொட்டென்று வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"ஜோயல் தம்பி சொல்லுச்சு கண்ணு. நீ எனக்காக எவ்வளவு பாடுபட்டிருப்பேன்னு எனக்குத் தெரியும். உம்மேல வருத்தம் ஒண்ணும் இல்ல."

"அம்மா..."

"ஆனா ஒண்ணு கேக்கணும். அந்த ரோட்டு சமாசாரத்த அவ்வளவு கெட்டியா எழுதியிருக்காமே, ஒரு எழுத்தக் கூட அசைக்க முடியலன்னு தம்பி சொல்லுச்சு. உக்காந்து அத எழுதிக் குடுத்தவன் எவனோ, அவன் கை விளங்குமா?"

லெனோர் அன்று முதல் தடவையாக ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"விளங்காதும்மா" என்றாள்.